பரம்பரைப் புற்றுநோய்ப் பரிசோதனை: முதல் ஊசி யாருக்கு?

கேள்வி: அம்மாவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். சித்தி 51 வயதில் சினைப்பைப் புற்றுநோயில் இறந்துவிட்டார். எனக்கு 29 வயது, இரண்டு தங்கைகள் உண்டு. ஊரில் நடந்த மருத்துவ முகாமில் 'ஜீன் டெஸ்ட்' எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆளுக்கு 22,000 ரூபாய். நாங்கள் மூவரும் எடுக்கலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: உங்கள் குடும்பம் கட்டாயம் பரிசோதிக்க வேண்டிய குடும்பம்தான். ஆனால் முதல் ஊசி உங்கள் மூவரில் யாருக்கும் அல்ல, உங்கள் அம்மாவுக்கு.

உங்களுக்கு எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அம்மாவிடம் உள்ள மரபணுப் பிழை உங்களுக்கு வராமல் தப்பியிருக்கலாம். அல்லது, இந்தப் பரிசோதனையில் அகப்படாத வேறொரு பிழை குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டில் எது என்று அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. நோய் வந்தவரிடம் தேடினால்தான் இந்தக் குழப்பம் தீரும். அம்மாவிடம் பிழை இன்ன மரபணுவில், இன்ன இடத்தில் என்று தெரிந்துவிட்டால், உங்கள் மூவருக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

பணக்கணக்கும் அப்படித்தான் சாதகமாகிறது. பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் 'பேனல்' இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய 15,000 முதல் 30,000 ரூபாய் வரை ஆகிறது. தெரிந்த ஓர் இடத்தை மட்டும் பார்ப்பதற்குப் பெரும்பாலும் 3,000 முதல் 7,000. மூன்று பெண்களும் முகாமிலேயே எடுத்தால் 66,000. அம்மாவுக்கு 22,000, பிறகு தலைக்கு 5,000 என்று வைத்தால் 37,000. அதைவிட முக்கியம், பிழை உறுதியான பிறகு உங்களுக்கு 'இல்லை' என்று வந்தால் அது உண்மையான 'இல்லை'. அம்மாவிடமே எதுவும் அகப்படவில்லை என்றால், உங்கள் மூவருக்கும் பேனலுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது. குடும்ப வரலாற்றை வைத்து ஸ்கேன்களை எப்போது தொடங்குவது என்று மட்டும் டாக்டர் முடிவு செய்வார்.

மார்பகமும் சினைப்பையும் ஒரே தாய்வழியில் வந்திருப்பதால் முதல் சந்தேகம் பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 மேல் விழும். டாக்டர்கள் வாயில் 'பிராக்கா'. ஒன்று 17ஆம் குரோமோசோமில், மற்றது 13இல். முதல் மரபணுவில் பிழை உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 100க்கு சுமார் 70, சினைப்பையில் சுமார் 44. இரண்டாவதில் மார்பகத்துக்கு ஏறக்குறைய அதே அளவு, சினைப்பைக்கு சுமார் 17.

அம்மா 'இனிமேல் எனக்கெதற்கு டெஸ்ட்' என்று சொல்லக்கூடும். பெரும்பாலான அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய மற்ற மார்புக்கும் சினைப்பைக்கும் இன்னும் ஆபத்து இருக்கிறது, சிகிச்சையே இதனால் மாறலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். பிராக்கா பிழை உள்ளவர்களுக்கென்றே ஒலாபாரிப் என்ற மாத்திரை இருக்கிறது.

கேள்வி: எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீட்டில் புற்றுநோய். எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு வாய்ப்புற்று, பெரியப்பாவுக்கு நுரையீரலில். எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?
– வாசகர், செல்லூர்

பதில்: வேண்டாம். மொத்தப் புற்றுநோயில் பரம்பரைப் பிழையால் வருவது 100க்கு 5 முதல் 10 வரைதான். வெற்றிலையோடு புகையிலை போட்ட அப்பத்தாவின் வாய்க்கும், பீடி குடித்த பெரியப்பாவின் நுரையீரலுக்கும் மரபணுவில் காரணம் தேடுவது பணத்தை வைகையில் போடுவது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இந்தப் பரிசோதனை இல்லை. அது எச்பிவி என்ற வைரஸால் வருவது, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

யாருக்கு வேண்டும் என்றால்: 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தவர், எந்த வயதிலும் 'டிரிபிள் நெகட்டிவ்' வகை மார்பகப் புற்றுநோய் (பயாப்ஸி ரிப்போர்ட்டில் மூன்று ஏற்பிகளும் 'இல்லை' என்று வருவது) வந்தவர், சினைப்பை அல்லது கணையப் புற்றுநோய் வந்தவர், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண், உடலில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர், 50 வயதுக்குள் பெருங்குடலிலோ கர்ப்பப்பையிலோ வந்தவர். ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரிப் புற்று வந்திருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: மரபணு ஆலோசனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கொண்டு போக வேண்டும்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: மூன்று தலைமுறைக் குடும்ப மரம். இதைச் சரியாகப் போட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கத் தாளில் தாய்வழியைத் தனியாக, தந்தைவழியைத் தனியாகப் போடுங்கள். அம்மாச்சி, தாத்தா, அம்மாவோடு பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். அந்தப் பக்கம் அப்பத்தா, தாத்தா, அத்தை, சித்தப்பா, பெரியப்பா. ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம்: எந்த உறுப்பில் புற்று, எத்தனை வயதில் கண்டுபிடித்தார்கள், இப்போது இருக்கிறாரா, இல்லையென்றால் எத்தனை வயதில் இறந்தார். நோய் வராதவர்களையும் விடாதீர்கள். நோயில்லாமல் 80 வயது வரை இருந்த நான்கு அத்தைகளும் ஒரு தகவல்தான்.

இங்கே இரண்டு இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். ஒன்று, 'வயித்துக் கட்டி'. வயிற்றுக் கட்டியில் இறந்தார் என்றால் அது இரைப்பையா, குடலா, சினைப்பையா, கல்லீரலா? வீட்டில் மூத்த பெண்களிடம் கேளுங்கள். வயிறு ஊதி நீர் எடுத்தார்களா, மலத்தில் இரத்தம் போனதா, எந்த ஆஸ்பத்திரி என்ற மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்தாலே ஊகம் பாதி தெளியும். பழைய பயாப்ஸி ரிப்போர்ட் மஞ்சப்பையிலோ பீரோவின் அடித்தட்டிலோ கிடந்தால் இன்னும் நல்லது. டிஸ்சார்ஜ் சீட்டைவிட பயாப்ஸி தாள் மேல்.

இரண்டாவது, 'கர்ப்பப்பையை எடுத்தாச்சு'. நம் பக்கத்துக் கிராமங்களில் 40 வயதுக்கு முன்பே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் நிறைய. கூடவே சினைப்பைகளையும் எடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சினைப்பைப் புற்று வர வாய்ப்பு மிகக் குறைந்திருக்கும், மரத்தில் அந்தக் கிளை பொய்யாக ஆரோக்கியமாகத் தெரியும். எதை எடுத்தார்கள், எத்தனை வயதில் என்று கேட்டு எழுதுங்கள். யார் யார் சொந்தத்தில் கட்டியவர்கள் என்பதையும் குறியுங்கள். காரணம் இன்னொரு கேள்விக்கான பதிலில் வருகிறது.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. அங்கே சிகிச்சை பெற்றவர் குடும்பத்தில் இருந்தால், அவருடைய கோப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரிசோதனை எப்படி நடக்கும்? வெறும் வயிற்றில் போக வேண்டுமா? 22,000 என்று சொல்லிவிட்டுப் பிறகு இன்னும் கேட்பார்களா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வெறும் வயிறு தேவையில்லை. கை நரம்பிலிருந்து 3 முதல் 5 மி.லி. இரத்தம், ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில். குழாயை உடனே எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும், அப்படியே விட்டால் உறையும், உறைந்தால் திரும்ப ஊசி. பச்சை மூடியில் உள்ள ஹெப்பாரின் இந்தச் சோதனையைக் கெடுக்கும். மதுரையில் எடுத்த குழாய் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ கூரியரில் போகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தால் ஞாயிறு முழுக்கச் சித்திரை வெயிலில் ஏதோ ஒரு மேசையில் கிடக்கும். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் போய்க் கொடுங்கள். ரிப்போர்ட் வர மூன்று நான்கு வாரம் ஆகும்.

அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சில வாரம் தள்ளிப்போடுவார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவருடைய இரத்தத்தில் ஓடுவது கொடையாளியின் மரபணு. அவருக்குத் தோல் திசுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். கீமோ நடக்கும்போது வெள்ளணு குறைந்திருந்தால் போதிய டிஎன்ஏ கிடைக்காமல் போகலாம்.

அதிகம் நடக்கும் கோளாறு மருத்துவத்தில் இல்லை, இனிஷியலில் இருக்கிறது. ஆதாரில் அப்பா இனிஷியல், ஆஸ்பத்திரிச் சீட்டில் கணவர் இனிஷியல், குழாயில் பெயர் மட்டும். இரண்டு 'செல்வி' ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும்? ஊசி போட்டவர் குழாயில் ஒட்டும் சீட்டை உங்கள் கண்முன்னே படித்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பாரம் எண் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும்.

விலை கேட்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை மரபணுக்கள்? பெரிய துண்டுகள் அறுந்துபோவதையும் இரட்டிப்பதையும் பார்க்கிறார்களா, இல்லை எம்எல்பிஏ என்று தனியாகப் பணம் கேட்பார்களா? பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை கட்டணத்தில் சேர்த்தியா? பிழை அகப்பட்டால் கூடப் பிறந்தவர்களுக்குச் சலுகை உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம். சில ஆய்வகங்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்தால் நெருங்கிய உறவினருக்குக் குறைத்துத் தருகின்றன.

இணையத்தில் வாங்கும் எச்சில் கிட் 5,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பலவற்றில் மரபணுவை முழுதாகப் படிப்பதில்லை, சில புள்ளிகளை மட்டும் தொட்டுப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பேர்போன ஒரு கிட், அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படும் மூன்றே மூன்று பிராக்கா பிழைகளைத்தான் பல ஆண்டுகள் பார்த்தது. உசிலம்பட்டிக்காரருக்கு அதில் 'இல்லை' என்று வந்து என்ன பயன்?

விலை இவ்வளவு இறங்கியதற்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவில் பிராக்கா மரபணுக்களின் மேல் ஒரே நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது, அங்கே ஒரு சோதனைக்கு 3,000 டாலருக்கு மேல். இயற்கையில் உள்ள டிஎன்ஏவை யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது என்று 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு போட்டி, போட்டிக்குப் பிறகு விலைச்சரிவு.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் 'விஎஸ்' என்று எழுதி மஞ்சள் கட்டம் போட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் பயந்துபோய்விட்டோம். சினைப்பையை எடுத்துவிடலாமா?
– வாசகி, சோழவந்தான்

பதில்: எடுக்க வேண்டாம். அதை 'வியுஎஸ்' என்று படிக்க வேண்டும். அர்த்தம் இன்னும் தெளியாத மாற்றம் என்று பொருள். ஆய்வகங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் ஐந்து தட்டில் வைக்கின்றன: நோய் தரும், அநேகமாக நோய் தரும், தெளியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. முதல் இரண்டு தட்டில் விழுந்தால்தான் அறுவை சிகிச்சை, மாத்திரை பற்றிய பேச்சு. நடுத்தட்டில் விழுந்ததை வைத்து உங்களுக்கோ உங்கள் மகளுக்கோ எந்த முடிவும் எடுக்கக் கூடாது. உறவினர்களைக் கூட்டி வந்து அதே இடத்தைப் பார்க்கச் சொல்வதும் வழக்கமான தேவை இல்லை.

நம்மவர்களுக்கு இந்த மஞ்சள் கட்டம் ஏன் அதிகம் விழுகிறது? ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத் தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. தமிழ்நாட்டில் சாதாரணமாக இருக்கக்கூடிய ஒரு மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரியும், அபூர்வம் என்றாலே சந்தேகம். பின்னாளில் தெளிவுபடும்போது பெரும்பாலானவை தீங்கற்ற பக்கமே போய்ச் சேர்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தையோ ஆலோசகரையோ கூப்பிட்டு 'வகை மாறியதா' என்று கேளுங்கள். கைபேசி எண் மாறினால் அவர்களுக்கும் தெரிவியுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகமே இல்லாத ஒரு பிழையைக் காட்டுகிறேன். ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ 1, 'சி.68_69டெல்' என்று இருக்கும். அந்த மரபணுவின் 68, 69ஆவது எழுத்துகள் இரண்டும் விழுந்துவிட்டன என்று பொருள். உடல் இந்த எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும். இரண்டு விழுந்தால் அதற்குப் பின் எல்லாக் கூட்டும் நகர்ந்து, சுமார் ஐம்பது எழுத்துகளுக்குள் 'நிறுத்து' என்ற சொல் வந்துவிடும். 1,863 அமினோ அமிலக் கண்ணிகள் கொண்ட புரதம் தொடக்கத்திலேயே அறுந்துபோகிறது. ஓர் எழுத்து இன்னொன்றாக மாறியிருப்பது வேறு கதை. புரதத்துக்கு அது உறைக்கலாம், உறைக்காமலும் போகலாம். வியுஎஸ் பெரும்பாலும் இந்த வகை.

கேள்வி: நான் கட்டியது தாய்மாமனை. சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்குப் பரம்பரைப் புற்று வருமா?
– வாசகி, பேரையூர்

பதில்: பிராக்கா போன்ற பிழைகளுக்கு ஒரே ஒரு பழுதான பிரதி போதும், அது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் சொந்தமா அந்நியமா என்ற கேள்வியே இல்லை.

ஆனால் குடும்பத்தில் பிழை ஓடுகிறது என்றால் தாய்மாமனிடமும் அதே பிழை இருக்கலாம், உங்களிடமும் இருக்கலாம். இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பிழையான பிரதியைப் பெற நான்கில் ஒரு வாய்ப்பு. பிஆர்சிஏ 2இல் இரண்டு பிரதியும் பழுதானால் ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடுமையான குழந்தைப் பருவ நோய் வரும். குடல் புற்றுக்குரிய லிஞ்ச் மரபணுக்களில் இரண்டும் பழுதானால் சிறு வயதிலேயே புற்று வரலாம். எம்யுடிஒய்எச் என்ற மரபணுவோ, இரண்டு பிரதியும் பழுதானால்தான் குடலில் நிறைய பாலிப்களையும் (சிறு சதை வளர்ச்சிகள்) புற்றையும் கொண்டுவரும். குடும்பத்தில் பிழை எதுவும் தெரியாத நிலையில், மாமனைக் கட்டிய ஒரே காரணத்துக்காகப் பேனல் வேண்டாம். பிழை தெரிந்திருந்தால், கல்யாணப் பேச்சுக்கு முன்பே இருவரும் அந்த ஓர் இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: அப்பா வழியில் பெண்ணுக்கு வருமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: வரும். பிழையைச் சுமக்கும் அப்பா நோயே வராமல் 85 வயது வரை வாழ்ந்து, மகளுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். 'அத்தைக்குத்தானே' என்று ஒதுக்காதீர்கள். பிஆர்சிஏ 2 சுமக்கும் ஆணுக்கு புராஸ்டேட், கணையம் இரண்டிலும் கவனம் வேண்டும். மார்பிலும் கட்டி வரலாம்.

கேள்வி: அண்ணனுக்கு 38 வயதில் பெருங்குடலில் புற்று, ஆபரேஷன் ஆகிவிட்டது. 25,000 கட்டி ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குக் குறைவான வழி இல்லையா?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: இருக்கிறது. வெட்டியெடுத்த கட்டியின் மெழுகுக் கட்டை அந்த ஆஸ்பத்திரியின் நோயியல் பிரிவில் இருக்கும். அதில் ஐஎச்சி சாயப் பரிசோதனை செய்து எம்எல்எச் 1, எம்எஸ்எச் 2, எம்எஸ்எச் 6, பிஎம்எஸ் 2 என்ற நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். செலவு சில ஆயிரங்கள். நான்கும் இருந்தால் லிஞ்ச் என்ற பரம்பரை நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்று இரண்டு இல்லாமல் போனால் எங்கே தேடுவது என்று அதுவே காட்டிவிடும். இல்லாமல் போனது எம்எல்எச் 1 என்றால் அவசரப்பட வேண்டாம். அது வயதானவர்களுக்குப் பரம்பரையில்லாமலும் அணைந்துபோகும், அதற்கென்று கட்டியிலேயே இன்னொரு சோதனை உண்டு. 38 வயது என்பதால் நான்கும் இருந்தாலும் குடும்ப மரத்தை ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள். நூற்றுக்கணக்கில் பாலிப்கள் இருந்தால் கதை வேறு, அது ஏபிசி (APC) மரபணுவின் பிழையாக இருக்கலாம்.

கட்டியில் பார்ப்பதும் இரத்தத்தில் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். கட்டியில் தெரியும் பிழை கட்டிக்குள் மட்டும் பிறந்ததாகவும் இருக்கலாம். அண்ணனின் இரத்தத்தில் உறுதியான பிறகே உங்களுக்கும் மற்ற உடன்பிறந்தவர்களுக்கும் பார்க்கலாம்.

கேள்வி: 14 மாதக் குழந்தைக்கு ஒரு கண்ணில் விழித்திரைப் புற்று. அடுத்த பிள்ளைக்கும் வருமா?
– வாசகி, மானாமதுரை

பதில்: மரபணுப் பரிசோதனையால் செலவு மிச்சமாகும் இடம் இது. ஆர்பி 1 மரபணுதான் இதற்குக் காரணம். இரண்டு கண்ணிலும் வந்தால் பரம்பரையாகக் கடத்தக்கூடிய பிழை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் வந்த பிள்ளைகளிலும் 100க்கு சுமார் 15 பேருக்கு அப்படி இருக்கும். கண்ணை எடுத்திருந்தால் அந்தக் கட்டியிலேயே பிழையைத் தேடி, பிறகு குழந்தையின் இரத்தத்தில் அது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரத்தத்தில் இல்லையென்றால் அடுத்த பிள்ளையை மயக்கம் கொடுத்துக் கொடுத்து மாதக்கணக்கில் கண் பார்க்க வேண்டியதில்லை. இருந்தால் உங்கள் இருவருக்கும், பிறகு பிறக்கும் பிள்ளைக்கும் அந்த ஓர் இடம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்தக் கண் புற்றுக்குச் சிகிச்சையும் மரபணு ஆய்வும் நடக்கின்றன. வெகுதூரம் போக வேண்டாம். வீட்டில் எந்தக் குழந்தையின் கண்மணியும் போட்டோவில் பூனைக்கண் போல வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே காட்டுங்கள்.

கேள்வி: பிழை இருக்கிறது என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸ் தர மாட்டார்களா?
– வாசகர், மதுரை

பதில்: மரபணு நோய் என்ற ஒரே காரணத்தால் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் அமெரிக்காவில் 2008இல் வந்ததுபோலத் தனிச்சட்டம் இங்கே இல்லை. நோயில்லாத உறவினர், மருத்துவக் காப்பீட்டையும் ஆயுள் காப்பீட்டையும் சோதனைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது விவேகம். பாரத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் கோரிக்கையைத் தள்ள அதுவே போதும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. நோயில்லாதவருக்கான இந்தச் சோதனைக்குப் பணம் பெரும்பாலும் கையிலிருந்துதான்.

கேள்வி: எனக்கு பிஆர்சிஏ 1 பிழை உறுதியாகிவிட்டது. வயது 33, இரண்டு பிள்ளைகள். இனி என்ன? பெண் பிள்ளைக்கு 11 வயது, அவளுக்கும் எடுக்க வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: வருடத்துக்கு ஒரு மார்பக எம்ஆர்ஐ, ஒரு மேமோகிராம். ஆறு மாதம் தள்ளித்தள்ளி வைத்துக்கொண்டால் வருடம் முழுக்கக் கண்காணிப்பு இருக்கும். எம்ஆர்ஐக்கு மாதவிடாய் தொடங்கிய 7ஆம் நாளிலிருந்து 15ஆம் நாளுக்குள் தேதி வாங்குங்கள். மற்ற நாட்களில் இயல்பான திசுவே மின்னி, வீண் பயாப்ஸியில் கொண்டுபோய் விடும். மார்பகத்துக்கென்று தனிக் 'காயில்' இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். எல்லா எம்ஆர்ஐ சென்டரிலும் இருக்காது. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், பத்தாயிரம் ரூபாயை ஒட்டி எடுத்து வையுங்கள். 22,000 ஒருமுறை, இது வருடாவருடம். உண்மையான செலவு இங்கேதான் என்பதைச் சோதனைக்கு முன்பே குடும்பம் பேசிக்கொள்ள வேண்டும்.

சினைப்பைக்கு இப்படி நம்பகமான ஸ்கேன் இல்லை. சிஏ 125 இரத்தச் சோதனையும் அல்ட்ராசவுண்டும் முன்கூட்டியே பிடிப்பதாக நிரூபணம் ஆகவில்லை. பிள்ளைப்பேறு முடிந்திருந்தால் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்வார்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், ஆபத்து சினைப்பையிலும் குழாயிலும்தான். அதன் பிறகு மாதவிடாய் நின்று உடல் கொதிப்பு, எலும்புத் தேய்வு வரும், அதற்கும் வழி கேட்டு வையுங்கள். மார்பகங்களை முன்கூட்டியே எடுப்பது உங்கள் விருப்பம். ஆபத்து 100க்கு 90 அளவு குறையும். கண்காணிப்போடு இருப்பதும் தவறில்லை.

மகளுக்கு இப்போது வேண்டாம். 18 வயதுக்குப் பிறகு அவளே கேட்டு, அவளே கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். இருபத்தைந்துக்கு முன்னால் அவளுக்குச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் லேமினேட் செய்யாமல், பிரதி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். லேமினேட் செய்தால் எழுத்து ஒட்டிக்கொண்டு மங்கக்கூடும், அந்த எழுத்துதான் நாளை அவளுக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் போகிறது.